முயலை மாடிக்கு ஏற்ற வேண்டாம்

கேள்வி: கீழக்கரைக்குப் பக்கத்தில் கடலோர ஊர் எங்களுக்கு. மகன் அடம்பிடித்ததால் போன வருடம் திருவிழாக் கடையில் இரண்டு வெள்ளை முயல் வாங்கினோம். இரண்டும் பொட்டை என்றுதான் கடைக்காரர் சொன்னார். கம்பிக் கூண்டில் போட்டுக் கூடத்தில் வைத்திருக்கிறோம், நாற்றம் தாங்க முடியவில்லை. தினமும் பினாயிலும் பிளீச்சிங் பவுடரும் போட்டுக் கழுவுகிறேன், வாரம் ஒருமுறை டெட்டால் சோப்பு போட்டு முயலையும் குளிப்பாட்டுகிறேன், அப்படியும் போகவில்லை. மாமிக்கு இளைப்பு உண்டு, முயல் வந்த பிறகுதான் அதிகமானது என்கிறார். சோறு, பிஸ்கட், முட்டைக்கோஸ், மச்சான் சவூதியிலிருந்து கொண்டுவந்த பேரீச்சம்பழம் எல்லாம் விரும்பித் தின்கின்றன. தண்ணீர் குடித்தால் முயல் செத்துவிடும் என்று பலரும் சொன்னதால் தண்ணீர் வைப்பதில்லை. ஒன்று சில நாள் சிவப்பாக ஒன்றுக்குப் போகிறது, கண்ட இடத்தில் பீச்சியும் அடிக்கிறது. இன்னொன்று தன் புழுக்கையைத் தானே தின்கிறது. கோடைக்கு முன்னால் கூண்டை மாடித் தகரக் கொட்டகைக்கு மாற்றிவிடலாம் என்கிறார் மாமி. மாற்றலாமா?

கால்நடை மருத்துவர் பதில்:

சகோதரி, மற்றதையெல்லாம் அப்புறம் பேசலாம், முதலில் இது. மாடிக்கு மாற்றாதீர்கள். பங்குனியில் மாற்றினால் சித்திரை முடிவதற்குள் இரண்டையும் இழந்துவிடுவீர்கள். பயமுறுத்துவதற்காகச் சொல்லவில்லை, என் வீட்டிலேயே நடந்தது.

வேலைக்குச் சேர்ந்த புதிது, மண்டபம் பக்கம் வாடகை வீடு. மகள் கேட்டாள் என்று நானும் இரண்டு முயல் வாங்கினேன், வீட்டுக்காரர் முகம் சுளித்ததால் கூண்டை மொட்டை மாடியில் தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் வைத்தேன், மேலே ஒரு தகரம். ஒரு மே மாதம், கோமாரித் தடுப்பூசி முகாமுக்குப் போய்விட்டு மதியம் இரண்டரை மணிக்குத் திரும்பினேன். ஒன்று பக்கவாட்டில் நீட்டிக் கிடந்தது, தாடை முழுக்க எச்சில் நனைந்து உப்பாகக் காய்ந்திருந்தது, காதைத் தொட்டேன், அடுப்பில் இருந்து இறக்கிய தோசைக்கரண்டி மாதிரி இருந்தது. கிண்ணத்தில் தண்ணீர் பாதி இருந்தது, அதுவும் குளிப்பதற்குக் காயவைத்த சூட்டில். இன்னொன்று தொட்டியின் நிழல் விழுந்த மூலையில் ஒடுங்கி உட்கார்ந்திருந்ததால் பிழைத்தது. மாடும் ஆடும் பார்த்துக்கொண்டிருந்த எனக்கு முயல் பற்றி அப்போது தெரிந்தது அவ்வளவுதான். படித்தவன் வீட்டிலேயே இந்தக் கதை, அதனால் மாமி சொன்னதில் தப்பு ஒன்றும் இல்லை, எல்லோருக்கும் முதலில் தோன்றுவது மாடிதான்.

முயலுக்கு வியர்க்காது. நாய் மாதிரி நாக்கைத் தொங்கப்போட்டு இரைத்துச் சூட்டை இறக்கிக்கொள்ளவும் சரியாக வராது. அதற்கு இருப்பதெல்லாம் அந்த இரண்டு காதுதான், காதில் ஓடும் ரத்தத்தின் வழியாகத்தான் உடம்புச் சூடு வெளியே போகிறது. வெளியே அனலடித்தால் அந்த வழியும் அடைத்துவிடும். நாம் வளர்க்கும் வீட்டு முயலின் பூர்வீகம் ஸ்பெயின், போர்ச்சுகல் பக்கம், மண்ணுக்குள் வளை தோண்டிக் குளிர்ச்சியில் கிடக்கும் சாதி. நம் பனங்காட்டில் ஓடும் காட்டு முயல் வேறு, அது வளை தோண்டாது, அதைப் பிடிப்பதும் வளர்ப்பதும் 1972 வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம், அந்தப் பக்கமே போக வேண்டாம். தமிழ்நாட்டில் சோவியத் சின்சில்லா, ஒயிட் ஜயன்ட் மாதிரியான இனங்களை வைத்து மத்திய அரசின் ஆராய்ச்சி நிலையம் நடத்துவது எங்கே தெரியுமா, கொடைக்கானல் மலையில், மன்னவனூரில். ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு பார்க்க வேண்டிய ஊர். அந்தக் குளிருக்கு ஏற்ற உடம்பைத்தான் நாம் இந்தக் கடற்கரையில் வைத்துக்கொண்டிருக்கிறோம்.

30 டிகிரி செல்சியஸைத் தாண்டினாலே முயல் சிரமப்பட ஆரம்பிக்கும், 35-ஐத் தாண்டினால் உயிருக்கே ஆபத்து. நம் பக்கம் ஈரக்காற்று வேறு, புழுக்கத்தில் சூடு இறங்கவே இறங்காது. ஆகவே கீழ்த்தளம், வீட்டிலேயே குளிர்ச்சியான அறை, மேற்கு வெயில் சுவரில் விழாத பக்கம். சிமென்ட் தரையோ சிவப்புத் தரையோ இருந்தால் அதுவே பாதி வேலையைச் செய்துவிடும், மதியத்தில் வயிற்றை ஒட்டிப் படுத்துக்கொள்ளும். மின்விசிறி காற்றை ஓட்டும், வியர்க்காத பிராணிக்கு அதனால் மட்டும் பெரிய பயன் இல்லை, பக்கத்தில் நனைத்த துணியைத் தொங்கவிட்டால் ஓரளவு குளிரும். ஒரு லிட்டர் பாட்டிலில் தண்ணீர் நிரப்பி ஃபிரீசரில் உறையவைத்து, துணி சுற்றி, 12 மணி வாக்கில் கூண்டுக்குள் வையுங்கள், தானாக வந்து சாய்ந்துகொள்ளும். கரண்ட் போகும் நாளுக்கு இதைவிட நல்ல ஏற்பாடு எனக்குத் தெரியவில்லை.

வாயைத் திறந்து மூச்சு வாங்கினால், மூக்கும் தாடையும் ஈரமாக இருந்தால், காது சிவந்து கொதித்தால், கூப்பிட்டும் எழாமல் நீட்டிக் கிடந்தால் சூடு தாக்கிவிட்டது என்று அர்த்தம். உடனே நிழலுக்குக் கொண்டுவந்து சாதாரணக் குழாய்த் தண்ணீரில் நனைத்த துணியால் காதையும் பாதத்தையும் திரும்பத் திரும்பத் துடையுங்கள். ஐஸ் தண்ணீரில் முக்கக் கூடாது, வாயில் வலுக்கட்டாயமாகத் தண்ணீர் ஊற்றவும் கூடாது, நுரையீரலுக்குப் போய்விடும். துடைத்துக்கொண்டே மருத்துவரிடம் கிளம்புங்கள்.

சரி, இனி நாற்றம். உண்மையில் முயல் நாறுகிற பிராணி இல்லை. ஆடு வளர்த்த வீட்டிலிருந்து வந்தவர்களுக்குத் தெரியும், கிடா நாற்றத்தில் பத்தில் ஒரு பங்குகூட முயல் உடம்பில் வராது. புழுக்கையை உள்ளங்கையில் வைத்து நசுக்கிப் பாருங்கள், காய்ந்த புல்தான். நாறுவது சிறுநீர், அதுவும் புதிதாக விழுந்தது அல்ல. தேங்கிக் கிடக்கும்போது கிருமிகள் அதை அம்மோனியாவாக மாற்றுகின்றன, கண்ணைக் கரிக்கும் அந்த நெடி அதுதான். உங்கள் கூண்டில் என்ன நடக்கிறது என்று பார்க்காமலே சொல்கிறேன்: கம்பித் தளத்துக்குக் கீழே ஒரு தகரத் தட்டு, அதில் சிறுநீர் தேங்கிச் சுண்ணாம்பு மாதிரி வெள்ளையாகப் படிந்திருக்கும், உப்புக் காற்றும் மூத்திரமும் சேர்ந்து தட்டின் ஓரமும் கம்பியும் துருப்பிடித்திருக்கும், அந்தத் துருவுக்குள்ளும் வெள்ளைப் படிவுக்குள்ளும் ஊறிக் கிடப்பது பினாயில் ஊற்றினால் போகாது. மேலே வாசனை, அடியில் அதே நாற்றம்.

அதைவிட முக்கியம், பிளீச்சிங் பவுடர். சிறுநீரில் இருக்கும் அம்மோனியாவோடு பிளீச்சிங் சேர்ந்தால் குளோரமின் என்ற வாயு கிளம்பும், மூச்சுக்குழாயை எரிக்கிற வாயு. இளைப்பு இருக்கிறவர் அதே கூடத்தில் உட்கார்ந்திருந்தால் அவருக்கு இளைக்காமல் என்ன செய்யும்? மாமிக்கு முயல் வந்த பிறகு அதிகமானது என்பது உண்மையாகவே இருக்கலாம், ஆனால் முயலுக்குப் பின்னாலேயே பிளீச்சிங்கும் வந்ததை யோசித்தீர்களா? முயலுக்கும் இதே பாடுதான், மூக்கில் நீர் வடிவதும் தும்முவதும் பல வீடுகளில் இப்படித்தான் ஆரம்பிக்கிறது. பினாயில், பிளீச்சிங் இரண்டையும் இன்றே நிறுத்துங்கள், கூண்டை மாமி புழங்காத அறைக்கு மாற்றுங்கள். இரண்டு மூன்று வாரம் பார்த்தும் குறையவில்லை என்றால் முயல் முடியோ வைக்கோல் தூசியோ அவருக்கு ஒத்துக்கொள்ளாமல் இருக்கலாம், அதை அவருடைய டாக்டர்தான் பார்த்துச் சொல்ல வேண்டும். அப்படி உறுதியானால் முயலை நல்ல வேறு வீட்டுக்குக் கொடுப்பதுதான் நியாயம். மனுஷருக்குப் பிறகுதான் முயல்.

வெள்ளைப் படிவுக்கு வினிகர் போதும், மளிகைக் கடையில் கிடைக்கும் சாதாரண வினிகர். தட்டில் ஊற்றி அரை மணி நேரம் விட்டால் நுரைத்துக்கொண்டு கரையும். முயல் தன் உணவில் மிஞ்சிய கால்சியத்தைச் சிறுநீரில் தள்ளும், அதனால்தான் அது கலங்கலாக இருக்கிறது, காய்ந்தால் வெள்ளை அடித்த மாதிரி ஆகிறது. நோய் இல்லை.

இனி விஷயத்துக்கு வருகிறேன். முயலைப் பூனை மாதிரி ஒரே இடத்தில் போகப் பழக்கலாம். சொன்னால் பலர் நம்புவதில்லை, ஆனால் அது ஏற்கெனவே ஒரு மூலையைத் தேர்ந்தெடுத்துத்தான் வைத்திருக்கும், நாம் கவனிப்பதில்லை. எந்த மூலையில் அதிகம் நனைந்திருக்கிறது என்று இரண்டு நாள் பாருங்கள். அந்த மூலையில் ஒரு பிளாஸ்டிக் தட்டு வையுங்கள், ஒன்றரை அடி நீளம், ஒரு அடி அகலம், நான்கைந்து அங்குல உயரம், முயல் உள்ளே போய்ச் சுற்றித் திரும்ப முடிய வேண்டும், இரண்டு முயலுக்கு இரண்டு தட்டு. அடியில் செய்தித்தாள் நான்கைந்து மடிப்பு, அதன்மேல் ஒரு கை கனத்துக்குக் காய்ந்த வைக்கோல். நனைந்த பழைய காகிதத் துண்டு ஒன்றையும் பத்துப் புழுக்கையையும் எடுத்து அதில் போடுங்கள், வாசனை பிடித்துக்கொண்டு வரட்டும். மற்ற இடங்களையெல்லாம் வினிகர் கலந்த தண்ணீரால் துடைத்து வாசனையே இல்லாமல் செய்துவிடுங்கள்.

இப்போது சூட்சுமம். புல்லை அந்தத் தட்டின் ஒரு முனையிலேயே கட்டித் தொங்கவிடுங்கள். முயல் தின்றுகொண்டே போகும் பிராணி, வாய் ஒரு பக்கம் அரைக்க, மறுபக்கம் புழுக்கை விழுந்துகொண்டே இருக்கும். தீனி எங்கேயோ, தட்டு எங்கேயோ என்று வைத்தவர்கள்தான் என்னிடம் வந்து பழகவே இல்லை டாக்டர் என்று சொல்வார்கள். வெளியே போனால் அடிக்காதீர்கள், கத்தாதீர்கள், முயலுக்குப் புரியாது, உங்களைக் கண்டால் ஒளியத்தான் பழகும். சத்தமில்லாமல் துடைத்துவிட்டுத் தட்டுக்கு அனுப்புங்கள். இரண்டு மூன்று வாரத்தில் சிறுநீர் முழுக்கத் தட்டுக்குள் வந்துவிடும், அங்கங்கே நாலு புழுக்கை கிடக்கும்தான், அதைத் துடைப்பத்தால் கூட்டினால் போயிற்று.

தினமும் காலையில் காகிதத்தோடு சுருட்டி எடுத்துக் குப்பைக்குழியில் போடுங்கள், வாரம் ஒருமுறை தட்டை வினிகரில் ஊறவைத்துக் கழுவி வெயிலில் கவிழ்த்துங்கள். நம் ஊர் வெயிலால் முயலுக்கு ஆகும் ஒரே நன்மை இதுதான். உலர்ந்த புழுக்கையைக் கறிவேப்பிலைக்கும் முருங்கைக்கும் நேரடியாகவே போடலாம், வேர் கருகாது. மாமி ரோஜாத் தொட்டி வைத்திருந்தால் ஒரு கை கொண்டுபோய்க் கொடுங்கள், அவர் மனம் மாற இதைவிட நல்ல வழி இருக்காது.

தட்டில் சிலர் கடல் மணலைப் போடுகிறார்கள், பக்கத்திலேயே கிடக்கிறதே என்று. உப்பு ஈரத்தை இழுக்கும், அந்த மணல் என்றைக்கும் காயாது. அடுப்புச் சாம்பலும் சுண்ணாம்பும் அம்மோனியாவை இன்னும் கிளப்பிவிடும், பாதத்தையும் அரிக்கும். தச்சுப் பட்டறை மரத்தூளில் பிளைவுட் பசையும் தூசியும் இருக்கும். பூனைக்கு விற்கும் கட்டியாகும் மண்ணும் வேண்டாம், முயல் அதைக் கொறித்து விழுங்கினால் குடலில் கட்டியாகிவிடும்.

கம்பித் தளத்தில் நிற்கவிட்டால் குதிகாலில் முடி உதிர்ந்து புண் வரும், பூனைக்கு இருப்பது போல் பாதத்தில் மெத்தை முயலுக்குக் கிடையாது. ஆகவே கூண்டின் தளத்தில் பனையோலைப் பாயை விரியுங்கள். கடித்தாலும் கெடுதல் இல்லை, நனைந்தால் கழுவிக் காயவைக்கலாம், கிழிந்தால் இன்னொன்று, நம் பக்கத்தில் பனையோலைக்கு என்ன பஞ்சம்! பழைய ஓலைக் கடகம் ஒன்றின் பக்கத்தில் வாசல் வெட்டிக் கவிழ்த்துவிட்டால் அதுதான் வளை, சத்தம் கேட்டால் ஓடி ஒளிய ஓர் இடம் இல்லாத முயல் எப்போதும் பதற்றத்திலேயே இருக்கும். வலைத் துண்டால் கூண்டை மூடுகிற வழக்கம் நம் பக்கம் உண்டு, அது கூடவே கூடாது, நைலான் நூலை ஒரு நொடியில் கடித்து விழுங்கும், குடலில் சிக்கினால் அறுவை சிகிச்சைதான். பகலில் மூன்று நான்கு மணி நேரமாவது கூண்டுக்கு வெளியே ஓட விடுங்கள். காலை 6-லிருந்து 8 வரையும், மாலை வெயில் தாழ்ந்த பிறகும் அதுவாகவே துள்ளும்.

வெளியே விடும் முன் தரையில் கிடக்கும் ஒயர்களைப் பாருங்கள். சார்ஜர், பிரிட்ஜ், மோட்டார் எதுவானாலும் முயல் கண்ணுக்கு அது வளைக்குக் குறுக்கே வந்த வேர், வெட்டித் தள்ளிவிடும். பழைய தண்ணீர்க் குழாயை நீளவாக்கில் கீறி ஒயரை உள்ளே சொருகிவிடலாம். அடுப்படிக்குள் மட்டும் எந்தக் காரணத்துக்காகவும் விடாதீர்கள், கேஸ் சிலிண்டரின் ரப்பர் டியூப் அது கடிக்கிற உயரத்தில்தான் இருக்கிறது. தொழுகிற அறைக்கும் கதவைச் சாத்தி வையுங்கள், அது மாமியின் இடம், அங்கே ஒரு முடி விழுந்தாலும் உங்களுக்குத்தான் பேச்சு. கொசுவுக்கு முயல் இருக்கும் அறையில் சுருள் கொளுத்தாமல் ஜன்னலுக்கு வலை அடியுங்கள். இரவில் கூண்டுக் கதவைக் கொக்கி போட்டு அடையுங்கள், கீரியும் தெருப்பூனையும் ஜன்னல் வழியாக வந்த வீடுகள் உண்டு.

தீனிக்கு வருகிறேன், ஏனென்றால் நாற்றத்தில் பாதி அங்கிருந்துதான் வருகிறது. சோறு, பிஸ்கட், பேரீச்சம்பழம் மூன்றையும் நிறுத்துங்கள். முயல் வயிறு புல்லுக்குச் செய்த வயிறு, அதில் இருக்கும் நல்ல கிருமிகள் நாரைப் புளிக்கவைத்துச் சத்தாக்குகின்றன, சர்க்கரையும் மாவும் போனால் கெட்ட கிருமி பெருகி வயிறு உப்பும், புழுக்கை பிசுபிசுத்துப் பின்பக்கம் ஒட்டும், ஈ முட்டையிடும், நம் புழுக்கத்தில் ஒரே நாளில் புழு வைத்துவிடும். அது தன் புழுக்கையைத் தின்பதாக எழுதியிருக்கிறீர்களே, அதுவும் இதோடு சேர்ந்த விஷயம். இரவிலும் விடியற்காலையிலும் கறுப்பாக, பளபளப்பாக, சின்னத் திராட்சைக் குலை மாதிரி ஒன்று வரும், அது கழிவு இல்லை, இரண்டாம் முறை செரிப்பதற்கான சாப்பாடு. மாடு அசைபோடுவது போல முயலுக்கு இது. தின்னவிடுங்கள். தின்னாமல் கூண்டில் நசுங்கிக் கிடந்தால்தான் கவலைப்பட வேண்டும், தீனி கொழுப்பாகிவிட்டது என்று அர்த்தம்.

எண்பது பங்குக்கு மேல் புல்லாகவே இருக்கட்டும். அருகம்புல், கொழுக்கட்டைப்புல் இரண்டும் நம் மண்ணில் வருவது. மழை முடிந்து தை, மாசியில் கண்மாய்க் கரையில் புல் முழங்கால் உயரம் நிற்கும், அப்போது அறுத்து நிழலில் உலர்த்திச் சாக்கில் கட்டிவைத்தால் ஆடி வரைக்கும் வரும். ஐப்பசி, கார்த்திகையில் மழையில் நனைந்த புல்லை அப்படியே போடாதீர்கள், கூடத்தில் பரப்பி வாடவிட்டுப் போடுங்கள். வைக்கோலில் சத்து குறைவு, ஆனால் புல் இல்லாத நாளில் பட்டினிக்கு அது எவ்வளவோ மேல், பல்லுக்கும் வேலை. முயலின் முன்பல் வாரத்துக்கு 2 மில்லிமீட்டர் போல வளர்ந்துகொண்டே இருக்கும், அரைத்துத் தேயாவிட்டால் வாய்க்குள்ளேயே வளைந்து குத்தும். கூடவே ஒரு கை கொத்தமல்லி, புதினா, முள்ளங்கி இலை, கல்யாண முருங்கை இலை. அகத்தியும் முருங்கைக் கீரையும் கால்சியம் அதிகம், வாரத்தில் ஒரு நாள் போதும். முட்டைக்கோஸ் காற்றுப் பிடிக்கும், குறையுங்கள். கேரட் இனிப்புப் பண்டம் மாதிரி, விரல் நுனி அளவு. அரளி, எருக்கு, ஆமணக்கு, தக்காளிச் செடி இலை எதுவும் வாயில் படக் கூடாது. பிஸ்கட்டிலிருந்து ஒரே நாளில் புல்லுக்கு மாற்றினாலும் வயிறு முறுக்கிக்கொள்ளும், பத்து நாளில் கொஞ்சம் கொஞ்சமாக மாற்றுங்கள். பேரீச்சம்பழத்தை மட்டும் இன்றே நிறுத்தலாம், அதை மகனுக்குக் கொடுங்கள்.

தண்ணீர். முயலுக்குத் தண்ணீர் வைத்தால் செத்துவிடும் என்பதை நான் முப்பது வருடமாகக் கேட்டுக்கொண்டிருக்கிறேன், யார் கிளப்பிவிட்டார்களோ! பச்சை இலை மட்டும் தின்கிற முயல் குறைவாகக் குடிக்கும், அதைப் பார்த்து யாரோ கட்டிய கதையாக இருக்கும். இரண்டு கிலோ முயல் கோடையில் கால் லிட்டருக்கு மேல்கூடக் குடிக்கும். தண்ணீர் இல்லாவிட்டால் குடல் நின்றுவிடும், சிறுநீரில் இருக்கும் அந்தச் சுண்ணாம்பு பையில் கல்லாகும். கனமான மண் சட்டியில் வையுங்கள், கவிழாது, குளிர்ச்சியாகவும் இருக்கும். உப்புக் கிணற்றுத் தண்ணீர் வேண்டாம், நீங்கள் குடிக்க வாங்குகிற குடத்துத் தண்ணீரில் ஒரு டம்ளர் அதற்கும்.

சிவப்புச் சிறுநீர் பெரும்பாலும் ரத்தம் இல்லை, தின்ற இலையிலிருந்து வரும் சாயம், இரண்டு நாளில் தானே மாறிவிடும். முக்கி முக்கிப் போனாலோ, கட்டி கட்டியாக வந்தாலோ, வயதான பெண் முயலுக்கு அடிக்கடி வந்தாலோ காட்ட வேண்டும். பெண் முயலுக்கு வயது ஏற ஏற கர்ப்பப்பைப் புற்று மிகச் சாதாரணம்.

பீச்சி அடிக்கிறது என்று எழுதியிருக்கிறீர்கள், அது எனக்கு இடிக்கிறது. பெண்ணும் சில சமயம் அடிக்கும், ஆனால் பெரும்பாலும் அது வயதுக்கு வந்த ஆணின் வேலை. கடைக்காரர் பொட்டை என்று சொன்னதை வைத்துக்கொண்டு நிம்மதியாக இருக்காதீர்கள், குட்டியில் பார்த்துச் சொல்வது அனுபவசாலிக்கே தவறும். சினை 31 நாள்தான், குட்டி போட்ட அன்றைக்கே மறுபடி சினை பிடிக்கும், ஈற்றுக்கு ஐந்தாறு என்று வைத்தாலும் ஆறு மாதத்தில் வீடு என்னவாகும் என்று கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். இதுவரை குட்டி வரவில்லை என்றால் அதிர்ஷ்டம், அல்லது இரண்டுமே கிடா, இல்லையென்றால் கடைக்காரர் சொன்னபடி இரண்டுமே பொட்டை. எதற்கும் காட்டும் வரை தனித்தனியாக வையுங்கள், நடுவில் ஒரு கம்பித் தடுப்பு போதும், ஒன்றையொன்று பார்த்துக்கொள்ளட்டும். ஆணுக்கு விதை நீக்கிவிட்டால் பீச்சுவதும் நெடியும் அடங்கும், தட்டுப் பழக்கமும் சுலபமாகும். ஆனால் முயலுக்கு மயக்க மருந்து கொடுத்துப் பழகிய மருத்துவரிடம்தான் செய்ய வேண்டும். நாய்க்குச் சொல்வது போல இரவே பட்டினி போடச் சொன்னால் அவருக்கு முயல் பழக்கமில்லை என்று புரிந்துகொள்ளலாம், முயலுக்கு வாந்தி வராது, பட்டினிதான் அதற்கு ஆபத்து. செய்த பிறகும் ஒரு மாதத்துக்கு மேல் ஆகும் வரை பெண்ணோடு சேர்க்கக் கூடாது.

குளிப்பாட்டுவதை நிறுத்துங்கள். அந்த அடர்ந்த முடி உள்வரை நனைந்தால் மணிக்கணக்கில் காயாது, பயத்தில் அதிர்ச்சியடைந்து அப்படியே செத்த முயலும் உண்டு, டெட்டால் நக்கி உள்ளே போவது வேறு. பூனை மாதிரி அதுவே நக்கிச் சுத்தம் செய்துகொள்ளும். இரண்டு நாளுக்கு ஒருமுறை மென்மையான சீப்பால் வாரி, முடியை ஈரக் கையால் உருட்டி எடுத்துப் போடுங்கள், அதுவே கூடத்தில் முடி பறப்பதைக் குறைக்கும். பின்பக்கம் அழுக்கானால் அந்த இடத்தை மட்டும் வெதுவெதுப்பான தண்ணீரில் கழுவி நன்றாகத் துவட்டுங்கள்.

மூக்கு நுனி, காதோரம், விரல்களில் வெள்ளையாகப் பொருக்குக் கட்டினால் அது சொறிப்பூச்சி, உங்களுக்கும் பையனுக்கும் அரிப்பு வரும். மண்ணெண்ணெய் தடவாதீர்கள். மருத்துவர் எடை பார்த்து ஐவர்மெக்டின் ஊசி போடுவார், பத்து பதினான்கு நாள் விட்டு இன்னொரு தடவை, இரண்டு முயலுக்கும் சேர்த்து, பாயை எரித்துவிட வேண்டும். நாய் உண்ணிக்குக் கழுத்தில் விடுகிற ஃபிப்ரோனில் சொட்டு மருந்து முயலுக்கு விஷம். பையனுக்கு வாங்கிய அமாக்சிசிலின் சிரப்பை எடுத்துக் கொடுப்பதும் அப்படித்தான், வயிற்றுக் கிருமி அத்தனையும் செத்து முயலும் போய்விடும்.

தினமும் காலையில் தட்டைச் சுருட்டும்போது புழுக்கையை ஒரு பார்வை பாருங்கள். உருண்டையாக, பட்டாணி அளவில், நிறைய இருந்தால் எல்லாம் சரி. மிளகு அளவுக்குச் சிறுத்தால், எண்ணிக்கை குறைந்தால், முடியில் கோத்த மாலை மாதிரி வந்தால் குடல் மெதுவாகிறது. அரை நாள், அதாவது 12 மணி நேரம், எதுவும் தின்னாமல் புழுக்கையும் இல்லாமல் மூலையில் கூனி உட்கார்ந்திருந்தால் மறுநாள் காலை வரை காத்திருக்காதீர்கள்.

ஆணா பெண்ணா பார்க்கப் படம் அனுப்ப வேண்டாம், கையில் பிடித்துத்தான் சொல்ல முடியும். ராமநாதபுரத்துக்கோ உங்கள் ஊர் கால்நடை மருந்தகத்துக்கோ கொண்டுபோகும்போது காலை 8 மணிக்குள் போய்ச் சேருகிற மாதிரி கிளம்புங்கள். காதைப் பிடித்துத் தூக்காதீர்கள், ஒரு கை மார்புக்குக் கீழே, இன்னொரு கை பின்கால்களைத் தாங்கி. பின்காலை உதறினால் தன் முதுகெலும்பைத் தானே முறித்துக்கொள்ளும் அளவுக்கு அதற்கு வலு உண்டு. மூடி போட்ட ஓலைப்பெட்டி இரண்டு, ஆளுக்கொன்று, அடியில் பாய்த் துண்டு, ஒரு பிடி புல். பஸ்ஸில் வெயில் படாத பக்கம் பார்த்து உட்காருங்கள்.